சேற்றுக் குடியிருப்பு

திண்டிவனத்தில் ஒரு கல்லூரி. கடற்கரை ஆய்வில் புதிதாக இறங்கியவர்களுக்கு, ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவது எப்படி என்று வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். விழுப்புரத்தில் பஸ் ஏறிப் போனேன். கட்டுரையை அனுப்பினால் துறை தெரிந்தவர்கள் படித்துக் குறை சொல்வார்கள், நாம் திருத்தி அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று காலையில் விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தியின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மயிலம் பக்கத்து ஊர்; அப்பா அம்மா கழனி வேலைக்குப் போகிறவர்கள். இவள் மரக்காணம் கழிமுகத்துச் சேற்றில் நண்டு வளைகளை எண்ணி ஆராய்ச்சி செய்கிறாள்.

“என்னுது ஒண்ணு வந்துட்ச்சி மேடம். ஆனா யாரும் குறையே சொல்லல. மறுநாளே ஓகேன்னு மெயில் வந்துச்சி.”

போனை நீட்டினாள். வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் அவள் ‘மட்ஃப்ளாட்’, அதாவது சேற்றுத் திடல், என்று எழுதியிருந்த இடமெல்லாம் ‘சேற்றுக் குடியிருப்பு’ என்று அர்த்தமாகும்படி மாறியிருந்தது. கடல் ஏற்றம் ‘உயரமான அலை’ ஆகியிருந்தது.

“இதை யார் இப்படி மாத்தினது?”

“கைடு சார்தான். நான் எழுதினத வாங்கிக்கினு வார்த்தைய மாத்துற ஏதோ சாப்ட்வேர்ல போட்டு அனுப்பிச்சிட்டாரு. செக் பண்ணா காப்பின்னு காட்டிடக் கூடாதாம். நான் யாரப் பாத்து மேடம் காப்பி அடிச்சேன்?”

பெயர்களைப் பார்த்தேன். முதலில் கைடு, அடுத்து துறைத் தலைவர், பிறகு துறைத் தலைவரின் மனைவி. இவள் பெயர் கடைசி.

“அந்த அம்மா எந்தத் துறை?”

“காமர்ஸ் மேடம்.”

தட்டைத் தள்ளிவைத்தேன். முழங்கால் வரை சேற்றில் நின்றவள் இவள். கடல் பக்கமே போகாதவர்கள் இவளுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கைடு எதிர் மேஜையில் அப்பளம் கடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கேட்டேன்.

“பப்ளிகேஷன் வந்துச்சில்ல மேடம், அது போதுங்க,” என்று சிரித்தார். “எல்லா எடத்துலயும் இப்படித்தான் போய்க்கினு இருக்கு. நீங்க ஜல்தியா முடிச்சிடுங்க. க்ரூப் போட்டோ இருக்கு.”

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

மதியம் நான் கொண்டுபோனதை ஓரம் வைத்துவிட்டு, எல்லோரையும் போனில் மெயிலைத் திறக்கச் சொன்னேன். ‘மதிப்புக்குரிய பேராசிரியரே’ என்று தொடங்கி, கட்டுரை கேட்டுப் போலி இதழ்கள் அனுப்பும் அழைப்பு ஒரே மாதிரி ஏறக்குறைய எல்லோருக்கும் வந்திருந்தது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமான ஆட்களா, பழைய கட்டுரைகளை யாராவது படித்துத் திருத்திய அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கக் காட்டிக்கொடுத்தேன். பின்னால் யாரோ, “அட, இதுலதாண்டா நானும் போட்டுக்கிறேன்,” என்று முனகினான். கைடு மேடையேறி, நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

அந்தக் கட்டுரையை எடுத்துவிடும்படி அந்த இதழுக்கு நானும் அவளும் சேர்ந்து எழுதினோம். எடுக்கவே இல்லை. நல்ல இதழொன்றுக்கு அதை ஒழுங்காக எழுதி அனுப்பினாள். ஏற்கெனவே வெளிவந்தது என்று திருப்பிவிட்டார்கள். அவ்வளவு உழைப்பும் அந்தக் குப்பையில் போயிற்று. என் முன்னால் அவள் அழவில்லை. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மறுபடி சேற்றில் இறங்கி எண்ண ஆரம்பித்தாள்.

புதிய எண்ணிக்கையை வைத்து அவள் எழுதி நல்ல இதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு நிறையக் குறைகளோடு பதில் வந்த அன்று போன் செய்தாள்.

“வரிக்கு வரி திட்டிக்கிறாங்க மேடம்! நெஜமாவே படிச்சிருக்காங்க!”

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். எப்படிப் பதில் எழுதுவது என்று வெகுநேரம் பேசினோம். திருத்தி அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள்.

செய்தி பரவியதும் கைடு என்னைப் போனில் கூப்பிட்டார். “மேடம், நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும். ஹெச்.ஓ.டி. வீட்டம்மா பேர இதுலயும் சேத்துடச் சொல்லுங்களேன்.”

போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.