தங்கையின் மெமரி கார்டு

பிறர் நம் பொறுப்பில் விட்டுச்சென்ற பொருள் பழுதானதாகவே இருந்தாலும், உடையவரைக் கேட்காமல் அதிலிருந்து ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த பண்டகசாலையின் விதி இது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். ஓடாத லாரியின் கண்ணாடியைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டிக்கொண்ட ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை எழுதியவனும் நான்தான்.

போன கோடையில் என் ஃபோன் நிறைந்துவிட்டது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படங்களும், பழைய சகாக்கள் அனுப்பும் ஓய்வூதிய விளக்க வீடியோக்களுமாக, இனி ஒரு படத்துக்குக்கூட இடமில்லை என்றது. ஓமலூர் கடைத்தெருவில் ஒரு மெமரி கார்டு வாங்கியிருக்கலாம். ஆனால் என் மேசை இழுப்பறையில் தங்கையின் பழைய ஃபோன் கிடந்தது. கண் சிகிச்சைக்காக எருமப்பட்டியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது கீழே போட்டுத் திரையை உடைத்துக்கொண்டாள். அவள் மகன் புதிது வாங்கிக்கொடுத்துவிட்டான். பழையதை மறந்து வைத்துவிட்டுப் போனவள், "அடுத்த தடவ வாரப்ப எடுத்துக்கறனுங்கண்ணா" என்று கூப்பிட்டுச் சொன்னாள். என் பொறுப்பு என்று நானும் சொன்னேன்.

அலுவலகத்தில் ஒரு பொருளைக் கழிவு என்று தீர்மானிக்க மூன்று பேர் கொண்ட குழு கூட வேண்டும். வீட்டில் மூவரும் நானே. அந்த ஃபோனிலிருந்த கார்டை எடுத்து என்னுடையதில் செருகினேன். இதையும் ஃபோனின் உள்நினைவகமாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கார்டில் உள்ள எல்லாம் அழியும், தொடரவா என்று கேட்டது. எந்தப் படிவத்தையும் அடிக்குறிப்புவரை படிக்கிறவன் நான். இதையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் தொடரச் சொன்னேன். அன்றைக்கே என் ரோஜாப்பூக்களை எல்லாம் கார்டுக்கு மாற்றினேன்.

தங்கை வந்தாள்.

"போனு போனாப் போகுதுங்கண்ணா. அதுல ஒரு கார்டு இருக்குமுங்க, அத மட்டும் குடுங்க."

"அத நான் போட்டுக்கிட்டேன். உனக்கு வேற வாங்கித் தாரேன்."

"உள்ள இருந்ததெல்லாம்?"

"அழிச்சாத்தான் சேரும்னு சொல்லுச்சு."

அவள் உட்காரவில்லை. "பாப்பா படமுங்க" என்றாள்.

எங்கள் இரண்டு வீடுகளிலும் குழந்தை கிடையாது. எந்தப் பாப்பா என்று கேட்க வாயெடுத்தபோதுதான் புரிந்தது.

தங்கையின் மகள் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு சில வருடங்கள் ஆகின்றன. எல்லோரையும் உட்காரவைத்து, இனி அவளோடு பேச்சில்லை என்று அறிவித்தவன் தாய்மாமனான நான். தீர்மானம் நிறைவேறியதா என்று பார்க்காமல் கோப்பை மூடும் பழக்கம் எனக்கில்லை. ஒவ்வொருவர் ஃபோனாக வாங்கி, அவளுடைய எண்ணும் படங்களும் அழிந்தனவா என்று சரிபார்த்தேன். தங்கையும் என் கண்முன்னேதான் அழித்தாள். அது எப்படியோ மகளுக்குத் தெரிந்து, தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். குழந்தை பிறந்த பிறகே மனம் இளகி, எங்களுக்குத் தெரியாமல் படங்கள் அனுப்ப ஆரம்பித்திருக்கிறாள். தங்கை அவற்றை அந்தக் கார்டில் மட்டும் வைத்திருந்தாள்.

கார்டை ஓமலூரில் ஒரு கடையில் காட்டினேன். "மேல புதுசா ரொப்பிட்டீங்களே சார், இனி ஒண்ணும் வராதுங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

"மறுபடி அனுப்பச் சொல்லேன்" என்றேன் தங்கையிடம்.

"நா எப்படிங்கண்ணா கேக்கறது? மறுக்காவும் உங்களுக்குப் பயந்துட்டு அழிச்சுட்டேன்னுதான் நெனப்பா. இந்தத் தடவ பேச்சு நின்னா நின்னதுதானுங்க."

"சரி, நான் கேக்கறேன். நம்பரச் சொல்லு."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த எண் யாரிடமும் இல்லாமல் செய்தவன் நான் என்பது. தங்கை தன் ஃபோனைத் தொடவேயில்லை. மனப்பாடமாக ஒப்பித்தாள். "பேரு போட்டுப் பதிஞ்சா நீங்க பாத்துருவீங்கல்லங்க" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் எழுதிய முதல் வரைவை மனைவி வாங்கிப் படித்தாள். "ஏனுங்க, தவிர்க்க இயலாத காரணத்தால்னு போட்டிருக்கறீங்களே, அதென்னங்க காரணம்? ரோசாப்பூவா?"

அதை அழித்தேன். அழிப்பது எனக்குக் கைவந்த வேலை. பிறகு இப்படி அனுப்பினேன்: "படங்களை அழித்தது உன் அம்மா அல்ல, என் ஃபோனில் இடம் பத்தாததால் நான். முன்பு அழிக்க வைத்ததும் நான்தான். அம்மாவுக்கு மறுபடி அனுப்பு. மாமா." அந்தக் கடைசிச் சொல்லைப் போட எனக்கு இன்னும் அதிகாரம் உண்டா என்று தெரியவில்லை. போட்டேன்.

அவள் படித்துவிட்டதற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. எத்தனையோ பேருடைய மனுக்களை நானும் இப்படிப் படித்துவிட்டு வைத்திருக்கிறேன். அதோடு தங்கைக்கு மகளிடமிருந்து வரும் அழைப்பும் நின்றுபோனது. தங்கை அடிக்கடி கூப்பிட்டு, "வந்துச்சுங்களாண்ணா?" என்பாள். "இல்ல சாமி" என்பேன். சரிங்க என்று வைத்துவிடுவாள்.

மேட்டூருக்குக் குளிக்கப் போவதற்காகத் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்திருந்த காலை. சமையலறையில் அவள் ஃபோன் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. தேங்காயை உரித்துக்கொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் என் ஃபோனைப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு செய்தி வந்திருந்தது.

"அம்மாவுக்கு எல்லாத்தையும் அனுப்பிட்டனுங்க மாமா. உங்க போனுல எடம் பத்தாதுன்னு உங்களுக்கு அனுப்பல."

அன்று ஆடிப்பெருக்கு.