சிக்கந்தர் பாயும் எங்கள் வீட்டுக் கழுகு முத்திரையும்

சிக்கந்தர் பாய் போய்விட்டார்.

இப்போதுதான் அவர் மகன் போன் பண்ணினான். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். சிவகாசி பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு... நானும் அவரும் ஒரு பொட்டு வெடித் துப்பாக்கி கம்பெனியில் பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். தீபாவளிக்குப் பிள்ளைகள் ரோல் கேப் போட்டு டப் டப்பென்று சுடுமே, அது. நான் பேக்கிங். அவர் டை வெட்டுகிறவர். துப்பாக்கி மேல் இருக்கும் நட்சத்திரம், பெயர், எல்லாம் அவர் வெட்டிய அச்சுதான்.

ஒரு சீசனில் முதலாளி "அசல் மாதிரி ஒரு மாடல்" கேட்க, நெட்டில் படம் தேடப் போனார் பாய். போனவர் திரும்பவே இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் பிஸ்டல்கள். துப்பாக்கி மேல்கூட இல்லை, அதில் குத்தியிருக்கும் முத்திரைகள் மேல்தான் கிறுக்கு.

வேஸ்ட் காலண்டர் பின்பக்கம் பூராவும் கழுகு வரைந்து வைத்திருப்பார். கழுகோடு நம்பர் இருந்தால் ராணுவம், C மாதிரி எழுத்து இருந்தால் போலீஸ் என்று சோறு சாப்பிடும்போதுகூட விடமாட்டார்.

"கொலைகாரப் பயலுக சாமான் உங்களுக்கு எதுக்கு பாய்?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"அவனுகளுக்காகவாலே பாக்கேன்? இதை வெட்டுனவன் கை எப்படிப் போயிருக்குன்னு பாக்கேன்" என்றார்.

நெட்டில் பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்கள் குரூப் ஒன்றில் வெளிநாட்டுக்காரர்கள் போட்டோ போட்டு இவரிடம் கேட்பார்கள். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஓரம் புதுசா எந்திரிச்சு நிக்குதுலே. நேத்து அடிச்ச அச்சு. போலின்னு போடு" என்பார். இங்கிலீஷில் டைப் பண்ணுவது என் வேலை.

இம்புட்டுக்கும் நிஜத் துப்பாக்கி ஒன்றைத் தொட்டதே கிடையாது மனுஷன்.

ஆனால் அப்படி ஒரு ஜெர்மன் பிஸ்டல் எங்கள் வீட்டில் இருந்தது. தாத்தா போருக்குப் போய் இத்தாலியிலிருந்து கொண்டுவந்தது, இப்போது லைசென்ஸ் அப்பா பேரில். பாயிடம் சொன்னால் மறுநாளே எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார் என்று பயந்து நான் மூச்சு விடவில்லை. அப்பாவுக்கு அதை வெளியாள் தொட்டால் ஆகாது.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அரிவாள், ஸ்பேனரோடு அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. ஒரு வருடம் அதில் துரு தெரிந்தது. அப்பா வெளியே போயிருந்த நேரம் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன் பாருங்கள்... பளபளவென்று வெள்ளி மாதிரி. அப்பா வந்ததும் எண்ணெய் போட்டுத் துடைத்தேன் என்றேன். அவர் பார்த்துவிட்டு, "சாமி வந்த மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்து எலக்ஷன் வந்தது. எலக்ஷன் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்க வேண்டும், வழக்கம்போல ஒப்படைக்கப் போனோம். துப்பாக்கியில் நம்பரைக் காணோம்.

"நம்பரை அழிச்சிருக்கீங்க. இது கேஸ்" என்றார் இன்ஸ்பெக்டர். அப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எழுபது வயது அவருக்கு. நான்தான் தேய்த்தேன் என்று சொல்லவில்லை. பாய்க்குத்தான் போன் பண்ணினேன்.

லுங்கியோடு டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார்.

"நீங்க யாரு?"

"பொட்டு வெடித் துப்பாக்கிக்கு டை வெட்டுறவன் சார்."

ஏட்டு சிரித்தே விட்டார். பாய் கண்டுகொள்ளவில்லை. "மேல இருக்கிற பாகத்தைக் கழட்டச் சொல்லுங்க சார். உள்ளயும் கடைசி மூணு எண் அடிச்சிருப்பான்" என்றார். கழற்றினார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். 618. லைசென்ஸில் கடைசி மூன்றும் 618.

அதோடு நின்றாரா? "சார், இங்கன பாருங்க, கழுகு! கீழ C! இது மிலிட்டரி இல்ல, போலீஸ் துப்பாக்கி!" என்று ஸ்டேஷனே அதிரக் கத்தினார். இன்ஸ்பெக்டருக்கே முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்ம டிபார்ட்மெண்ட்டா?"

"நல்ல போலீஸ் இல்ல சார் அது" என்றார் பாய்.

"சரி, வெளிய இருந்த நம்பர் எப்படிப் போச்சு?"

நம்பர் இருந்த இடத்தில் உப்புத்தாள் போட்டிருந்த கீறல்களைப் பாய் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். "வருஷா வருஷம் ஈரச் சந்தனம் அப்புனா இரும்பு தாங்குமா சார்? துரு தின்னுருச்சு. துருவைத் துடைக்கவும் நம்பரும் சேந்து போயிருச்சு."

துப்பாக்கி பரிசோதனைக்குப் போய், அதே துப்பாக்கிதான் என்று எழுதி வந்தது. கேஸ் இல்லை.

அன்றைக்கு டீக்கடையில் பாய் கேட்டார்: "எத்தனாம் நம்பர் தாள்லே?"

"எண்பது..."

"அட கிறுக்குப் பயலே! எண்பதை வச்சு எவனாவது தேய்ப்பானா? அது மரம் தேய்க்கிற சொரசொரத் தாள்லே!" அதற்குத்தான் அம்புட்டுத் திட்டு. பிறகு மெதுவாக, "உங்க அப்பாகிட்ட நீயே சொல்லிரு. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அப்பா அன்றிலிருந்து துப்பாக்கிக்குச் சந்தனம் வைப்பதில்லை. தாத்தா கொண்டுவந்த பொருளைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று இன்றுவரை நினைக்கிறார். பூசையன்று அதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒவ்வொரு வருடமும் பாய் கேட்பார், "சொல்லிட்டியாலே?" சொல்கிறேன் பாய் என்பேன். போன வாரம்கூடக் கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

இனி அவர் கேட்க மாட்டார்.

அப்பா, இந்தப் பதிவைத் தங்கச்சி வாசித்துக் காட்டுவாள். அது சந்தனம் இல்லை, உப்புத்தாள். நான்தான் தேய்த்தேன். இந்த வருடம் சந்தனம் வையுங்கள்.

சொல்லிட்டேன் பாய்.