டிரை பால்கனியில் நாலு மணி

எங்கள் வீட்டில் செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அடுப்படிக்குப் பின்னால், வாஷிங் மெஷினும் துடைப்பமும் நிற்கிற சின்ன இடம். புனேயில் அதை டிரை பால்கனி என்பார்கள். அங்கேயும் கம்பியோரமாக, ஆளந்தி ரோடு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அம்மா தினமும் மாலை நாலு மணிக்கு அங்கேதான் நிற்பாள். ஒரு கை வாக்கரில், இன்னொரு கையில் பட்டன் போன். மறுமுனையில், தென்காசிப் பக்கத்து ஊரில், அவளுடைய ஒரே தங்கை. என் சித்தி.

இந்த லட்சணத்தில் என் வேலை என்ன தெரியுமா? பேசிக்கொண்டிருக்கும்போது செல்போன் அழைப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. ஹிஞ்சேவாடியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, எந்த டவர் எந்தத் தெருவைப் பார்க்க வேண்டும், எவ்வளவு சாய்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. விஷ்ராந்த்வாடி என் பொறுப்பு. அதாவது என் வீடு என் பொறுப்பு. ஊரில் இதைச் சொல்லும்போது அம்மாவுக்கு ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சங்கதி என்னை மயக்கியது. நாம் பேசாமல் இருக்கும் நொடிகளில் போன் எதையும் அனுப்புவதில்லை. பேட்டரி மிச்சம், அலைவரிசை மிச்சம். ஆனால் கேட்பவர் காதில் முழு நிசப்தம் விழுந்தால் லைன் போய்விட்டது என்று பயந்துவிடுவார். அதனால் கேட்பவரின் போன் தானாகவே மெல்லிய இரைச்சல் ஒன்றை உண்டாக்கி அந்த இடைவெளியை நிரப்பும். எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடச் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

முன்பு எங்கள் மொட்டைமாடியிலேயே டவர் இருந்தது. எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் பொதுக்கூட்டத்தில் யாரோ ரேடியேஷன் என்று கிளப்பிவிட்டார்கள். நான் எழுந்து, டவருக்கு நேர்கீழே இருப்பவர்கள் பயப்படவே வேண்டாம், அலையின் பாய்ச்சல் எல்லாம் தூரத்துக்குத்தான் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். செக்ரட்டரி சிரித்துக்கொண்டே, "மேடம் தோ கம்பெனி கே ஆத்மி ஹை" என்றார். கம்பெனி ஆள் அப்படித்தானே பேசுவாள் என்று கூட்டமே சிரித்தது. டவரைக் கழற்றி லிப்டில் இறக்கியபோது தேங்காய் உடைக்காத குறைதான். அடுத்த வாரமே, சிக்னல் இல்லை, என்ன மேடம் வேலை பார்க்கிறீர்கள் என்று அதே ஆட்கள் படியில் என்னை மறித்தார்கள்.

சித்திக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உயிர் பிழைக்கும், குரல் போய்விடும் என்றார்கள். அம்மா அழவில்லை. "அதுவரைக்கும் பேசிக்கிடுவோம்" என்றாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவளை ஊருக்குக் கூட்டிப்போக ரயில் டிக்கெட் போட்டேன். இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்த அம்மாவின் உடம்பு, அதற்குள் கொஞ்சம் தேறிவிடும் என்றார் டாக்டர்.

அதுவரைக்கும் போன்தான். பகல் முழுக்க அம்மாவுக்குத் தமிழ் பேச வேறு ஆள் கிடையாது. எனக்கு ஆபீஸ், என் கணவருக்கு ஆகுர்டியில் பாக்டரி, பக்கத்து வீட்டில் மராத்தி. வைஃபை வழியாகப் பேசலாமே என்று தொடுதிரை போன் வாங்கிக் கொடுத்தேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து உலர்ந்துபோன அவள் விரலை அந்தத் திரை மதிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே என் போனில் போட்டுக் கொடுத்தேன். பேச ஆரம்பித்ததும் பழக்கதோஷத்தில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு டிரை பால்கனிக்குப் போய்விடுவாள். அங்கே வைஃபை எட்டாது. கட்.

"ஏட்டி, நீ இதுக்குத்தான படிச்ச?" என்று ஒருநாள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் குத்தியது.

ஆபீஸில் என் மேலதிகாரியிடம் போய், மொட்டைமாடி டவர் போன இடத்தில் சிக்னலே எட்டாத பெரிய குழி இருக்கிறது, எதையாவது செய்ய வேண்டும் என்றேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "மேப் தேகோ மேடம். சப் கிரீன் ஹை." படம் முழுக்கப் பச்சைதான். ஏன் பச்சை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு அழைப்பு இணைந்து, பேச ஆரம்பித்து, பிறகு அறுந்தால்தான் எங்கள் கணக்கில் அது அறுந்த அழைப்பு. இணையவே முடியாத அழைப்பு எங்கள் கணக்கில் பிறக்கவே இல்லை. சிக்னல் அறவே இல்லாத இடத்தில் அறுவதற்கு என்ன இருக்கிறது? டவரைக் கழற்றிய பிறகு எங்கள் பகுதியின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. பாராட்டு மெயில்கூட வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நச்சரித்து நச்சரித்து அனுமதி வாங்கினேன். ஆளந்தி ரோடு டவரில் ஒரு ஆன்டெனாவின் சாய்வை ஆபீஸில் இருந்தபடியே கொஞ்சம் நிமிர்த்தினேன். அன்று மாலை வீட்டுக்குப் போனால் அம்மா ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, போனில் சித்தியோடு யார் வீட்டு மருமகளையோ அலசிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். சித்தியின் குரல் அதற்குள் கரகரத்துத் தேய்ந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் வந்தது. இத்தனை வருடம் வாங்கிய சம்பளத்துக்கு அன்றைக்குத்தான் வேலை செய்தேன் என்று தோன்றியது.

அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. குழிக்குள் இருந்த அத்தனை வீடுகளும் போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டன. லிப்டுக்குள் பேசினார்கள், படுக்கையறை மூலையில் பேசினார்கள். தூரத்து டவரின் மெலிந்த சிக்னல்தானே, சில அழைப்புகள் அறுந்தன. இதுவரை பிறக்காதவை இப்போது பிறந்து அறுந்தன. பச்சைப் படத்தில் எங்கள் தெரு சிவந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர், எல்லோருக்கும் காலையில் பச்சை வேண்டும்.

"மேடம், வாபஸ் கரோ" என்றார்.

என் சித்திக்கு ஆபரேஷன், அதுவரைக்குமாவது விட்டுவையுங்கள் என்று கெஞ்சினேன். ஆபீஸில் அதற்கு முன் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் சித்தி இருக்கிறார்கள் என்றார். பக்கத்து மேசைக்காரர் சாய்வைப் பழையபடி இறக்கினார். என் திரையில் சிவப்பு பச்சையானதை உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்த்தேன்.

அம்மா மறுபடி டிரை பால்கனிக்குப் போனாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் இடம் காலியாகி ஆபரேஷனை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். எங்கள் டிக்கெட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. நான் ஹிஞ்சேவாடி டிராபிக்கில் கேபுக்குள் சிக்கியிருந்த நேரத்தில், விடிந்தால் ஆபரேஷன் என்று சித்தியே வார்டிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் வந்தபோது அம்மா வாஷிங் மெஷின் மேல் போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தயோ சொல்ல வந்தா. சொல்லுததுக்கு முன்னாலேயே சிரிச்சுட்டா. சின்னப்பிள்ளைல நாங்க பண்ணுன ஏதோ கூத்து போல. 'அக்கா, ஒனக்கு ஞாபகம் இருக்கா'ன்னா. பொறவு சத்தமே இல்ல. நான் போட்டா போகல, அவளும் போட்டிருப்பா."

என் போனை எடுத்து வைஃபையில் போட்டேன். சித்தி மகன் எடுத்தான். "எங்கம்மாவுக்குத் தூக்க மருந்து கொடுத்துட்டாங்க அக்கா" என்றான்.

சித்தி பிழைத்துக்கொண்டாள். குரல் இல்லை. அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று மகனை விட்டுக் கேட்கச் சொன்னாள் அம்மா. ஞாபகம் இல்லை என்று எழுதிக் காட்டினாளாம். அம்மா அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அந்தச் சிரிப்போடு சேர்த்துச் சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

இப்போதும் நாலு மணி அழைப்பு நிற்கவில்லை. சித்தி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள், அம்மா மட்டும் பேசுவாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் டிரை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா கம்பியோரமாக நின்று, இங்கே தக்காளி விற்கிற விலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, கண்ணை மூடி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத வெளிச்சம்.

"ஏட்டி, லைன் கட்டாகவே இல்ல பாரு. அவ மூச்சு விடுதது கேக்கு."

சித்தி இப்போது மூச்சு விடுவது கழுத்தில் போட்ட துளை வழியாக. பேச்சு இல்லாததால் அவள் போன் எதையும் அனுப்பவில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருந்தது, லைன் இருக்கிறது என்று நம்ப வைக்க அவளுடைய பட்டன் போன் தானே உண்டாக்கிய இரைச்சல்.

"ஆமாம்மா, நல்லாக் கேக்கும்" என்றேன். ஈரத்துணியை மறுபடி ஒருமுறை பிழிந்தேன்.