பதிலுக்கு நின்ற பெரியம்மா

எனக்கு இங்கிலீஷ் எழுத வரும் என்பதுதான் அந்தக் காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த பெரிய ஆபத்து. ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தேன். மனுவோ, தந்தியோ, சர்டிபிகேட்டோ, எதுவானாலும் ஊரில் என்னிடம்தான் வருவார்கள். கேட்டதற்கு மேல் இரண்டு வரி சேர்த்து எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தத் திமிர் கடைசியில் என் அக்காவின் தலையில்தான் விடிந்தது.

அக்கா இலங்கையில் கண்டிப் பக்கம் இருந்தாள். மச்சானுக்குத் தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் வேலை, மூன்று பிள்ளைகள். சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே ஒரு சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து போனவர்கள் குடியுரிமை வேண்டுமென்றால் மனுப் போட்டு, அங்கேயே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். மனைவி சொந்த ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருந்தால் மொத்தக் குடும்பத்தின் மனுவும் தள்ளுபடி. அதற்கப்புறம் விசாவில்தான் இருக்கலாம். விசா முடிந்தால் பிள்ளை குட்டிகளோடு கப்பலேற வேண்டியதுதான்.

அக்கா யுத்த காலத்தில் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்தாள். பதினோராம் மாதமே கைப்பிள்ளையோடு தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலேறிவிட்டாள். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. அப்போது பிறந்த பையனின் ஞானஸ்நான சர்டிபிகேட்டை மட்டும் எங்கள் மாதா கோயிலில் வாங்கி அனுப்பும்படி மச்சான் எழுதியிருந்தார்.

ஒன்று கேட்டால் ஒன்றை அனுப்புகிற ஆளா நான்? பையனுடையதை வாங்கினேன். அக்காவின் கல்யாண சர்டிபிகேட்டையும் வாங்கினேன். அதோடு விட்டேனா? என் மகளின் ஞானஸ்நான சர்டிபிகேட்டையும் சேர்த்து வைத்தேன். அதில் ஞானத்தாய் என்று, அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் என்று, அக்காவின் பெயர் இருந்தது. கோயில் புத்தகத்தில் ஞானத்தாயாக எழுதப்பட்டவள் என்றால் எவ்வளவு மதிப்பு என்பது என் கணக்கு. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலு மாதம் கழித்து மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. “மாப்புள்ள, நீங்க அனுப்புன காயிதத்தை வச்சே எங்களை மடக்கிட்டாங்க. ஒங்க மகளுக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கு ஒங்க அக்கா ஊர்லதானே இருந்திருக்கான்னு கேக்குறாங்க. அப்புடிப் பாத்தா ஒன்றரை வருசம் ஆகுது. ஆறு வாரத்துக்குள்ள பதில் சொல்லணும். நான் என்னத்தச் சொல்ல?”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டிருந்தேன், அதுவும் என் மடியில் அல்ல, அக்காவின் மடியில்.

நடந்தது இதுதான். அக்கா கப்பலேறும்போது என் மனைவி பிள்ளை உண்டாகியிருந்தாள். “ஒனக்குப் பொறக்குற பிள்ளைக்கு நான்தான்டா ஞானத்தாய்” என்று அக்கா சொல்லிவிட்டுப் போனாள். ஏழு மாதம் கழித்து மகளுக்கு ஞானஸ்நானம். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய ஞானத்தாய்களும் ஞானத்தகப்பன்களும் கொழும்பிலும் பினாங்கிலும்தான் இருந்தார்கள். அதற்காகச் சொன்ன வார்த்தையை மாற்றுவதில்லை. வாக்குக் கொடுத்தவர் பெயர் புத்தகத்தில் ஏறும். உள்ளூரில் ஒருவர் அவருக்குப் பதிலாகப் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார். பிடித்தவர் பெயரை எங்கள் ஊரில் யாரும் எழுதுவதில்லை. எங்களுக்கு இது சாதாரணம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ட காகிதத்தை அவர் நம்பினார்.

அன்றைக்குப் பிள்ளையைப் பிடித்தவர் எதிர்வீட்டுப் பெரியம்மா. ரத்த உறவில்லை, ஊர் வழக்கத்தில் பெரியம்மா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். கொஞ்சம் கடலைக் கொல்லையும் இரண்டு ஆடும்தான் அவருக்கு. என் மகள் பாதி நாள் அவர் வீட்டில்தான் வளர்ந்தாள்.

எங்கள் பங்குச் சாமியார் இந்த வழக்கத்தை விளக்கி ஒரு கடிதம் கொடுத்தார். “இது மட்டும் பத்தாது, பிள்ளையைப் பிடிச்சவங்களே மாஜிஸ்திரேட் முன்னால சத்தியம் பண்ணிச் சொல்லணும்” என்றார். எங்கள் ஊர்ப் பெண்கள் கோர்ட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். மிதித்தால் என்னமோ ஏதோ என்று ஊர் பேசும். தயங்கித் தயங்கித்தான் பெரியம்மாவிடம் போனேன். அன்று அவர் கொல்லையில் கடலை பறித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“நான் வரலைன்னா அக்கா பிள்ளைக அந்த ஊரை விட்டு வெளியேற வேண்டியிருக்குமா?”

“இருக்கும் பெரியம்மா.”

“அப்ப நாளைக்கே போவோம். கடலை கெடந்தா கெடக்கட்டும்.”

கீரனூர் பஸ்ஸில் அவருக்கு நான் பாடம் நடத்தினேன். தேதி இது, கிழமை இது, இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று. “சும்மா வா வாத்தியாரே, நான் என்ன பரிச்சையா எழுதப் போறேன்?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் நிதானமான மனிதர். “பத்து வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. அந்தப் பொண்ணு அன்னைக்கு ஊர்ல இல்லைன்னு எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?” என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்த தேதியையும் கிழமையையும் பெரியம்மா தொடவே இல்லை.

“அவ இருந்திருந்தா என்னைய எதுக்குய்யா கூப்புடப் போறாங்க?”

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒருதரம் பார்த்தார். அதை அப்படியே எழுதச் சொன்னார். நான் வாழ்நாளில் எழுதிய அத்தனை மனுக்களையும் சேர்த்துக் கட்டினாலும் அந்த ஒரு வரிக்குப் பெறாது. பக்கத்தில் நின்ற எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் சொன்னது முழு உண்மை. அக்கா இல்லாததால்தான் அவரைக் கூப்பிட்டோம். அதன்பிறகு மகளுக்கு அம்மை போட்டபோது பதினைந்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை வீசியவரும் அவர்தான். ஒரு நாளாவது அவரை ஞானத்தாய் என்று நாங்கள் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அந்த வாக்குமூலத்தையும் சாமியார் கடிதத்தையும் மச்சானுக்கு அனுப்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அக்கா குடும்பத்துக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டதென்று கடிதம் வந்தது. பெரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “பொழச்சுக்கிறட்டும்” என்று சொல்லிவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போனார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் மகளுக்குக் கல்யாணம். அக்கா வந்தாள், இலங்கை பாஸ்போர்ட்டும் ஒரு மாத விசாவுமாக. “பொறந்த ஊருக்கு நாள் எண்ணி வந்துருக்கேன் பாத்தியா” என்று சிரித்தாள். வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து கல்யாணம் தள்ளிப்போனது. விசாவை நீட்டிக்கக் கேட்டுத் திருச்சிக்கு நடையாய் நடந்தேன். கெடு நெருங்கியும் பதில் வரவில்லை. மனுதான் போட்டிருக்கிறோமே, தங்கிவிடு என்று நான் சொன்னதற்கு அக்கா கோபித்துக்கொண்டாள்.

“ஒரு நாள் கூடுதலா இருந்து பிள்ளைகளுக்கு வம்பை வாங்கவா? ஒருதடவை பட்டது பத்தாதா? பெரியம்மா இருக்காங்கல்ல, அவங்க நிப்பாங்க.” கெடுவுக்கு முதல் நாள் அழுதுகொண்டே புறப்பட்டாள்.

கல்யாணத்தன்று கோயிலில் பூசை முடிந்து கல்யாணப் புத்தகத்தில் சாட்சி எழுதும் நேரம். பெண்ணுக்கு ஞானத்தாய் சாட்சி நிற்பது எங்கள் வழக்கம். கோயில் புத்தகம் எழுதும் உபதேசியார் பழைய ஞாபகத்தில் அக்கா பெயரைச் சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். நான் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். “யாரு நிக்கிறாங்களோ அவங்க பேரை எழுதுங்க!”

பெரியம்மா பெயரை எழுதினார்கள். மை தடவிய கட்டைவிரலைப் புத்தகத்துக்கு மேலே பிடித்தபடி அவர் என்னைப் பார்த்தார்.

“ஏப்பா வாத்தியாரே, நான் இருந்தேன்னு எழுதுனா யாருக்கும் வம்பு வந்துறாதுல்ல?”

“வராது பெரியம்மா” என்றேன்.

அழுத்திக் கைநாட்டு வைத்தார். மறு வாரமே புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கினேன். யாரும் கேட்கவில்லை, நானும் யாருக்கும் அனுப்பவில்லை. இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.