மூணாவது ஆளும் மாட்டேன்னுட்டாரு

இன்னிக்குக் காலையில மஞ்சக்குட்டையில இருந்து ஏற்காடு வர்ற பஸ்ல நானும் செல்வமும். ஒரே ஹோட்டல்ல வேலை, பத்து வருசமா ஒரே இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்புக்கு ரசிகருங்க.

செல்வம் போனை நீட்டினான். "மூணாவது ஆளும் மேனேஜரா வர மாட்டேன்னுட்டாராம்."

"இனி ஆருடா வருவாங்க?"ன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

முன்சீட்டு அக்கா கேட்டாங்க: "ஏனுங்க, எந்த எஸ்டேட்டுங்க?"

எஸ்டேட் இல்லீங்க, ஃபுட்பால் டீமுன்னு வெளக்கினேன். அவங்க சிரிக்கல.

"எங்க எஸ்டேட்லயும் மேனேஜர் போயி ஆறு மாசமாச்சுங்க. புதுசா ஆரும் வரல. கணக்கு எழுதற ரைட்டர்தான் எல்லாம் பாத்துக்கறாரு, நாங்க காப்பிப் பழம் பறிச்சுட்டுத்தான் இருக்கறோம். மேனேஜர் இல்லைன்னா உங்காளுங்க வெளையாட மாட்டாங்களா?"

"அவரு இருந்தப்பவே வெளையாடலீங்க அக்கா"ன்னான் செல்வம்.

அக்கா முழுசா எங்க பக்கம் திரும்பி உக்காந்தாங்க.

"அப்பறம் எதுக்குங்க அதைப் பாக்கறீங்க?"

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல எறங்கற வரைக்கும் ரெண்டு பேரும் யோசிச்சோம். ஒண்ணும் தோணல.

சனிக்கிழமை அடுத்த மேட்ச். பாக்கத்தான் போறோம். எதுக்குன்னு தெரிஞ்சவங்க அதுக்குள்ள கமெண்ட்ல சொல்லுங்க.