பூசணி விதை மீன் இருந்த குளம்

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் பிரான்சை விட்டு லண்டனுக்கு வந்தோம். கோலியர்ஸ் வுட்டில் வாடகைக்கு வீடு எடுத்தோம். கணவருக்கு வந்த கிழமையே வேலை கிடைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். எனக்கு மட்டும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பாரிஸுக்கு வெளியே நாங்கள் இருந்த தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. மகளைத் தள்ளுவண்டியில் நித்திரையாக்கிவிட்டு அதன் கரையில் இருந்து தூண்டில் போடப் பழகியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பெண்கள் தூண்டில் போட்டு நான் கண்டதில்லை. பிரான்சில் என்னை யாரும் கவனிக்கவில்லை, அதனால் செய்தேன். லண்டனுக்கு வந்த சாமான்களோடு அந்தத் தூண்டிலும் வந்து படிக்கட்டுக்குக் கீழே கிடந்தது.

விம்பிள்டனுக்கு அப்பால், ஒரு விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் சின்னக் குளம் ஒன்று இருப்பதை பஸ்ஸில் போகும்போது கண்டேன். அது ஒரு மீன்பிடிக் கழகத்தின் குளம். லைசென்ஸ் எடுத்து, கழகத்திலும் சேர்ந்தேன். ஞாயிறு காலையில் கணவர் என்னைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். "மத்தியானச் சமையலுக்கு மீன் வருமோ?" என்று சிரிப்பார். பிடித்ததைத் திரும்ப விடுவதுதான் அங்கே வழக்கம் என்பது அவருக்கும் தெரியும்.

முதல் நாளே என் மிதவை நடுங்கியது. பெரிய மீன் என்றால் மிதவையை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போகும். இது கொத்திக் கொத்திப் பார்த்தது. உடனே சுண்டினேன். தாமதித்தால் தூண்டில் முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிடும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது. வந்த மீன் உள்ளங்கையளவு, காரல் மீனைப் போலத் தட்டை. கன்னத்தில் நீல நெளிகோடுகள், வயிற்றில் மஞ்சளும் செம்மையும். செவுள் மூடியின் ஓரத்தில் கறுப்பு, அதன் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி.

"அது பெர்ச் குஞ்சு எண்டு இங்க எல்லாரும் சொல்லுவினம்," என்று பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார். அதுவரை அவர் தமிழர் என்றே எனக்குத் தெரியாது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்.

"பெர்ச் இல்லை," என்றேன். "பெர்ச்சுக்கு முதுகுச் செட்டை ரெண்டா பிரிஞ்சிருக்கும். இதுக்கு முன்னால முள்ளும் பின்னால மெதுவுமா ஒண்டாச் சேர்ந்திருக்கு."

"ஓம், ஓம். ஜெர்மனியில இதுக்கு ஸொன்னன்பார்ஷ் எண்டு பேர்."

"பிரான்சிலயும் அதுதான். பெர்ஷ் சோலெய். சூரியப் பெர்ச்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்படித்தான் அந்த அண்ணை எனக்குப் பழக்கமானார். ஜெர்மனியில் பல வருடம் டைல்ஸ் பதித்தவர். லண்டனிலும் அதே வேலை. மனைவியும் பிள்ளைகளும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். இங்கே வருவதா இல்லையா என்று அவர்கள் முடிவெடுக்கவில்லை. லண்டனின் மறுபக்கத்தில், ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் மாறி மாறி இவ்வளவு தூரம் வருவார்.

அந்தக் கோடை முழுக்க அந்தக் கரையில் இருந்தோம். நான் ரோல்ஸ் கொண்டுபோவேன், அவர் தேத்தண்ணி கொண்டுவருவார். ஆண் மீன்கள் கரையோரச் சரளையில் வாலால் தட்டுப்போலக் குழி பறித்து முட்டைகளுக்குக் காவல் இருப்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். அந்தக் குழிக்குப் பக்கத்தில் எதைப் போட்டாலும் கடிக்கும், சின்ன முள்ளும் அரைப் புழுவும் போதும். பிரான்சின் ஏரிகளில் இதன் பெரிய சொந்தக்காரனான பாஸ் மீனைப் பிடித்ததை நான் சொல்வேன். வாயைத் திறந்தால் தாடை கண்ணுக்குப் பின்னால் போகும் என்பேன். இரண்டு பேரும் மிதவையைப் பார்த்துக்கொண்டே கதைத்ததால் எதையும் கதைக்க முடிந்தது. தனியாக இருக்கிற அறையில் டிவி சத்தம் இல்லாமல் தனக்கு நித்திரை வராது என்று ஒருநாள் சொன்னார். இந்த ஊரில் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்று நானும் சொன்னேன்.

குளத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வயதான வெள்ளைக்காரர், மரியாதையான மனிதர். கோடை முடிகிற நேரம் அவர் எங்களிடம் வந்து, இந்தப் பெர்ச் குஞ்சுகள் வளருவதே இல்லை, ஏதும் நோயோ என்று கேட்டார். நோயில்லை, இது வேறு மீன் என்று சொன்னேன். ஆங்கிலப் பெயரை நூலகத்துப் புத்தகத்தில் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். பம்கின்சீட், பூசணி விதை. ஒன்றைப் பிடித்து, செவுள் மூடியையும் நீலக் கோட்டையும் முதுகுச் செட்டையையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். என் ஆங்கிலம் தடக்கியது. அவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போதும் நினைக்கிறேன். நன்றி சொல்லிவிட்டு, யோசித்துக்கொண்டே போனார்.

அடுத்த ஞாயிறு குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. அரசாங்கச் சீருடைக்காரர் இரண்டு பேர் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு மீன், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், வெள்ளம் வந்தால் ஆற்றுக்குள் போய்விடும், ஆகவே சட்டப்படி அகற்ற வேண்டும் என்று அந்த வயதானவர் விளக்கினார். அவருடைய முகமும் நன்றாக இருக்கவில்லை. இலையுதிர் காலத்தில் பம்ப் வைத்துக் குளத்தை இறைத்தார்கள். பெரிய மீன்களைத் தொட்டிகளில் ஏற்றினார்கள். சூரியப் பெர்ச்சுகளை வேறாக வாளிகளில் அள்ளினார்கள். சேற்றில் அந்தத் தட்டுக் குழிகள் தெரிந்தன.

நானும் அண்ணையும் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

"நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அண்ணை."

"நீங்கள் பிழையாச் சொல்லேல்லையே, தங்கச்சி. அவர் கேட்டவர், நீங்கள் சொன்னனீங்கள். ஒருநாளைக்குத் தெரியத்தானே வேணும்."

"இனி எங்க போவீங்கள்?"

"பாப்பம்," என்றார்.

குளம் போன பிறகு நாங்கள் சந்திப்பதற்குக் காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் எனக்குச் சொந்தமில்லை, ஊரவருமில்லை. ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டேன். சுகம் கேட்டார், குளிரைப் பற்றிச் சொன்னார், அவ்வளவுதான். கணவரிடம் சொல்லி ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். கேக் பெட்டியோடு, இஸ்திரி போட்ட சேர்ட்டில் வந்தார். கணவரோடு இருந்து கிரிக்கெட் பார்த்தார். நான் கறி போடும்போது, "காணும், காணும்" என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அவரிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. என் வீட்டுக்குள் நான் வேறு ஆளாக இருந்தேன்.

போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டபடி, "இன்னொரு குளம் கண்டால் சொல்லுங்கோ," என்றார்.

"கட்டாயம் சொல்லுறன்."

தேடினேன். கிடைத்தவை எல்லாம் தூரத்தில் இருந்தன, அல்லது அங்கத்தவர் பட்டியல் நிரம்பியிருந்தது. வசந்தம் வரட்டும் என்று விட்டேன். வசந்தத்தில் எனக்கும் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. ஞாயிறுகள் துணி தோய்ப்பதிலேயே போயின.

பிறகொரு நாள் கணவர் வேலையால் வந்து, "உங்கட மீன்கார அண்ணை ஜெர்மனிக்குத் திரும்பிப் போட்டாராம்," என்றார். டைல்ஸ் கடையில் யாரோ சொன்னார்களாம். மனைவி லண்டனுக்கு வர விரும்பவில்லையாம்.

அவருடைய லண்டன் நம்பரை அழுத்திப் பார்த்தேன். அது வேலை செய்யவில்லை. ஜெர்மனியில் எந்த ஊர் என்று நான் ஒருநாளும் கேட்டிருக்கவில்லை. ஒரு கோடை முழுக்கப் பக்கத்தில் இருந்தும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கேட்கலாம் என்றுதான் எப்போதும் இருந்தது.