தார்ப்பாய் பிடித்தவர்

சங்ககிரி பைபாஸில் லாரி கவிழ்ந்து டிரைவர் இறந்து கிடந்தார். கூட்டம் செல்போனை உயர்த்தியது. நரைத்த மீசையும் காக்கிச் சட்டையுமாக இன்னொரு லாரிக்காரர் தன் வண்டித் தார்ப்பாயை இழுத்துவந்து உடலை மறைத்துப் பிடித்தார்.

"வண்டி நம்பர எடுத்து டிரைவர் வாட்ஸ்அப் குரூப்புல போடுங்க சாமி, ஓனருக்குத் தெரியோணும். மூஞ்சி வேண்டாமுங்க."

ஆம்புலன்ஸ் போனதும், தார்ப்பாயை மடிக்க நானும் ஒரு முனையைப் பிடித்தேன். எங்கே விபத்தைக் கண்டாலும் இப்படித்தான் இறங்கிவிடுவாராம். ஏன் என்றேன்.

"எம் பையனும் டிரைவருங்க. அவன் விபத்துல போன சேதி ஊட்டுக்கு வாரதுக்குள்ள, அவங்கம்மா போன்ல வந்த படத்துல அவன் மூஞ்சியப் பாத்துப்போட்டா."

"அந்தப் படத்த அழிச்சிட்டீங்களா?"

தார்ப்பாயில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"இல்லீங்க. ஆஸ்பத்திரில உடம்ப மூடிக் கட்டித்தானுங்க குடுத்தாங்க. நான் அவன் மூஞ்சியக் கடைசியாப் பாத்தது அதுலதான்."

இப்போதும் அதைத் திறந்து பார்ப்பாரா என்று கேட்காமல், தார்ப்பாயின் என் முனையை அவர் கையில் கொடுத்தேன்.